இருநூறு கிலோமீட்டரும் வழிநெடுக ஜெபமும்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான தம்பி எபிக்கு, அண்ணன் அருமைநாயகம் அன்புடன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையினால் இங்கே நானும் உன் மதினி சாரம்மாளும் மகள் கெசியாவும் உடலளவில் சுகம். மனதளவில் எப்படி என்பது கடைசி வரை படித்தால் உனக்கே விளங்கும். அங்கே நார்வேயில் நீயும் உன் வீட்டாரும் பனியில் வழுக்கி விழாமல் இருக்க அனுதினமும் ஜெபித்துவருகிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ நினைக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் என் ஃபோனைச் சரிபண்ணித் தருகிற சாக்கில் கெசியா அதில் உள்ளதையெல்லாம் படித்துவிடுவாள். பேசலாமென்றால் உன் மதினி மிக்ஸியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வாள். ஆகவே தபால். விஷயம் இதுதான். வருகிற ஜூன் மாதம் உங்கள் ஊரில், கடல் மலைக்குள் நுழைந்து கிடக்கிறதே, அந்த ஃபியோர்டுகளை ஒட்டியும் ஏரிகளைச் சுற்றியும் ஒரு வாரம் சைக்கிளில் போகலாம் என்று கெசியாவைக் கூப்பிட்டிருக்கிறாய் அல்லவா, அதை எப்படியாவது இல்லையென்று ஆக்கிவிடு. பாதை இடிந்து கடலுக்குள் போய்விட்டது என்று எழுது. பனி உருகவில்லை என்று எழுது. உனக்கு மூட்டுவலி என்று வேண்டுமானாலும் எழுது. நான் சொன்னதாக மட்டும் எழுதிவிடாதே.

இத்தனைக்கும் காரணம் நீதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் நீ ஒரு பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டிக்கொடுத்தாயே ஒரு சைக்கிள், அதற்கு முன்பு வரை இந்த வீட்டில் எல்லாரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். மணி இல்லை, மட்கார்டு இல்லை, பின்னால் ஒரு கேரியர்கூட இல்லை, கைப்பிடி கிடாக்கொம்பு மாதிரி வளைந்திருக்கிறது, டயர் என் கட்டைவிரல் கனம்கூடத் தேறாது. கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிற பிள்ளை, விடியுமுன்னே அதில் ஏறிப் போய்விட்டு, கல்லூரிக்கு நேரமாகும்போது வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் யாராவது போட்டோ கேட்டால் கொடுக்க ஹெல்மெட் போடாத போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அதோடு விட்டாயா, ஒரு பக்கம் கறுத்த தண்ணீர், மறுபக்கம் செங்குத்தாக மலை, நடுவில் ரிப்பன் மாதிரி ரோடு என்று வாரத்துக்கு ஒரு வீடியோ வேறு அனுப்பினாய். நான் அதில் பார்த்தது ஒன்றே ஒன்று. ரோட்டோரம் கைப்பிடிச் சுவர் இல்லை.

உங்கள் சைக்கிள் குழுவில் சேரவேண்டுமென்றால் இந்தப் பருவத்துக்குள் இருநூறு கிலோமீட்டர் பயணம் ஒன்றைக் குறித்த நேரத்துக்குள் முடித்துக் காட்டவேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறீர்கள். நம் பக்கத்தில் அப்படி நடக்கிற கடைசிப் பயணம் போன சனிக்கிழமை இருந்தது. காலையில் பாளையங்கோட்டையில் புறப்பட்டு ஆற்றோடு மேலே ஏறி மணிமுத்தாறு அணை, அங்கிருந்து பாபநாசம் போய் ஆற்றின் மறுகரை வழியாகத் திரும்பி, அப்படியே கீழே இறங்கித் திருச்செந்தூர் கடல், அங்கிருந்து மறுபடி பாளையங்கோட்டை. இரவு ஏழரைக்குள் வந்து சேரவேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் அவளுக்கு நார்வே கிடையாது. நடக்காமல் போகட்டும் என்று நான் ஒருநாளும் ஜெபிக்கவில்லை, அது ஆண்டவருக்குத் தெரியும். நடக்கட்டும் என்றும் ஜெபிக்கவில்லை, அதுவும் அவருக்குத் தெரியும்.

பயணத்தை நடத்துகிறவன் சல்மான் ஃபாரிஸ் என்று மேலப்பாளையத்துப் பையன். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், தங்கமான குணம், ஆனால் விதி என்று வந்துவிட்டால் நம் பழைய தாசில்தார்கள் தோற்றார்கள். முந்தின வாரம் வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கினான்.

“அண்ணாச்சி, ரூல் ஒண்ணுதான். வழியில அங்கங்க நின்னு பிள்ளைங்க அட்டையில முத்திரை குத்துவோம், அந்த இடத்துல நீங்க என்ன குடுத்தாலும் சரி. வழியில வீட்டாள் யாரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. பின்னால கார் வரக் கூடாது. வந்தா அட்டையை வாங்கிருவோம்.”

“தண்ணி?” என்றேன்.

“தண்ணியும்தான்.”

“மயங்கி விழுந்தா?”

“விழுந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், அண்ணாச்சி. ஆனா அதோட ரைடு முடிஞ்சிரும்.”

எபி, நீயே சொல், ஒரு தகப்பன் இதைக் கேட்டுவிட்டு எப்படித் தூங்குவான். இரண்டு காரியம் செய்தேன். முதலாவது, பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் இந்தத் தாமிரபரணியின் வரைபடங்களோடு குடித்தனம் பண்ணினவன் என்கிற முறையில், விதியை மறுபடி மறுபடி படித்தேன். அவள் போகிற ரோட்டில் பின்தொடரக் கூடாது என்றுதான் இருந்தது. ஆற்றின் மறுகரையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவள் தென்கரையில் போனால் நான் வடகரை, அவள் வடகரைக்கு வந்தால் நான் தென்கரை என்று முடிவுபண்ணி, நம் தெருமுனை இசக்கிமுருகனின் வாடகைக் காரைச் சொல்லிவைத்தேன். பறவை பார்க்க நீ கொடுத்த பைனாகுலரைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு ஜெப விண்ணப்பம் எழுதிக்கொடுத்தேன். ‘மகள் கெசியா சனிக்கிழமை ஆற்றங்கரை வழியாக நீண்ட சைக்கிள் பயணம் போகிறாள், பத்திரமாகத் திரும்ப ஜெபிக்கவும்.’ இவ்வளவுதான் எழுதினேன். போகிற ஊர்களின் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தேன், ஜெபிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று.

சனிக்கிழமை விடியற்காலையில் இருபது இருபத்தைந்து பேர் புறப்பட்டார்கள். கெசியா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க வீட்டுக்குப் போயி காப்பி குடிங்க, நான் ராத்திரி வந்துருதேன்” என்றாள். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் வளைவில் மறைந்ததும் காரில் ஏறினேன். உள்ளே உன் மதினி ஏற்கெனவே புளியோதரை, ஃப்ளாஸ்க், வலித் தைலம் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருந்தாள். ‘உங்களால ஒருநாள் சும்மா இருக்க முடியாதா’ என்று முந்தின ராத்திரி முழுக்க என்னைத் திட்டியவள் அவள்தான்.

வடகரை ரோட்டில் போனோம். ஆறு வளைந்து ரோட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் காரை நிறுத்தச் சொல்லி, வாழைத்தோட்டங்களுக்கு மேலாக அக்கரையில் பார்த்தேன். கெசியாவின் மஞ்சள் ஹெல்மெட் ஒரு இடத்தில் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது. மறுபடி தெரிந்தது. வேகம் குறைந்திருப்பதாகப் பட்டது. கால் வலிக்கிறதோ, பஞ்சரோ என்று நான் பைனாகுலரை இறக்காமல் பார்க்கிறேன், சாரம்மாள் வாய்க்குள் ஜெபிக்கிறாள். அப்போது இசக்கிமுருகன் பைய சொன்னான், “அண்ணாச்சி, நாம ரொம்ப நேரமா அந்த மஞ்சத் தொப்பியைத்தானே பாத்துக்கிட்டு வாரோம்? அவன் இப்பம் கரண்டுக் கம்பத்துல ஏறுதான்.” மின்வாரிய வயர்மேன். அவர் பத்திரமாக ஏறி இறங்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஜெபித்தது வீண் போகாது என்று நினைக்கிறேன். ஆனால் என் மகள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

மணிமுத்தாறு அணைக்குத் தலைதெறிக்கப் போய்ச் சேர்ந்தோம். அங்கே முதல் முத்திரை. வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஒருவரும் வரவில்லை. கெசியா மட்டுமல்ல, புறப்பட்ட அத்தனை பேரில் ஒரு ஆள்கூட வரவில்லை. அணையில் தண்ணீர் நிரம்பி அடிவாரம் வரை தளும்பிக்கொண்டிருந்தது, மேலே மாஞ்சோலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. நான் யானையை நினைத்தேன், கரடியை நினைத்தேன், லாரியை நினைத்தேன். அப்புறம் வந்தார்கள், மொத்தமாக, ஒரே கூட்டமாக. ஒவ்வொருவர் கழுத்திலும் பொன்னாடை. கெசியாவின் முழங்காலில் ரத்தம்.

நடந்தது இது. சேரன்மகாதேவியில் நம் சித்தி வீட்டார், பெண்கள் ஐக்கியச் சங்கம், பாட்டுக் குழு எல்லாருமாக நாற்பது பேர் இட்லிக் கொப்பரையோடு ரோட்டை மறித்து நின்றிருக்கிறார்கள். ஜெப விண்ணப்பத்தை யாரோ போட்டோ எடுத்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட, அது ஆற்றோடு கீழே கடைசி ஊர் வரைக்கும் போய்விட்டது. இட்லி சாப்பிட்டால் என் அட்டை போய்விடும் என்று இவள் மன்றாடியிருக்கிறாள். சித்தி அழுதிருக்கிறாள். பின்னாலேயே மோட்டார் பைக்கில் வந்த சல்மான் ஃபாரிஸ் அட்டையை வாங்கக் கை நீட்டிவிட்டான். அப்போது சித்தி கேட்டாளாம், “இவளுக்கு மட்டுமா அவிச்சோம்? வாரது அம்புட்டும் நம்ம பிள்ளைதானே, எல்லாம் உக்காருங்க.” நார்வேயில் இருந்து இருந்து நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். நம் சபைகளில் அசனம் என்றால் சேர்ந்து சமைத்து வருகிறவர்களுக்கெல்லாம் போடுவதுதான், யாரென்று கேட்கிற பழக்கம் இல்லை. சல்மான் ஃபாரிஸ் விதிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் அது வீட்டார் உதவி ஆகாது என்று தீர்ப்புச் சொல்லி, தானும் ஐந்து இட்லி சாப்பிட்டிருக்கிறான். அட்டை பிழைத்தது. ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஜெபம், பின்னால் ஒரு ஜெபம், அதன்பிறகு பொன்னாடை. போன நேரத்தைப் பிடிக்க இவர்கள் மிதித்த மிதியில், கல்லிடைக்குறிச்சி தாண்டி, அறுவடை வைக்கோலை ரோட்டில் பரப்பியிருந்த இடத்தில் கெசியா சறுக்கி விழுந்துவிட்டாள்.

சாரம்மாள் முழங்காலைக் கழுவிக் கட்டுப்போட்டாள். நான் பக்கத்தில் நின்று, “போதும்மா, வீட்டுக்குப் போயிருவோம்” என்றேன். இவள் அதைக் காதில் வாங்காமல் அணைக்கட்டைக் காட்டினாள். “அப்பா, அங்கன பாருங்க. தண்ணி நேரா மலை காலுல போயி முட்டுது. சித்தப்பா ஊர்ல நூறு கிலோமீட்டர் இப்படியே போகுமாம்.” நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுக்கு மேல் மறுபடி சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் பெரிய கெட்டிக்காரத்தனம். அவர்கள் வடகரை வழியாக ஊர் திரும்பித் திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்தபோது நாங்கள் ஆற்றைத் தாண்டி வல்லநாட்டுப் பக்கம் வந்தோம். ஸ்ரீவைகுண்டம் வடகால் வாய்க்கால் கரையோடு ஒரு குறுக்கு வழி உண்டு, வரைபடத்தில் நானே எத்தனையோ தடவை மை தீட்டியிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று இசக்கிமுருகனிடம் அடித்துச் சொன்னேன். பெருவெள்ளம் அந்தக் கரையில் பாதியை அடித்துக்கொண்டு போனது வரைபடத்துக்கு எப்படித் தெரியும். கார் முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கிவிட்டது. சுற்றிலும் வயல். ஃபோனில் ஒரு கோடுகூடக் காட்டவில்லை. இசக்கிமுருகன் இறங்கி, சக்கரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, “முப்பது வருசமா, அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டான். அறுவடைக்கு வந்தவர்கள் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றும்வரை சாரம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டினால் தாங்கிக்கொள்வேன், பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

திருச்செந்தூரில் மாசித் திருவிழாக் கூட்டம். பாதயாத்திரை வந்தவர்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போகிறார்கள், நடுவில் இந்த மெல்லிய சைக்கிளை ஒரு காலால் தள்ளிக்கொண்டு வருகிறாள் கெசியா. எதிரே கடல்காற்று, கால் வீக்கம், முகத்தில் உப்புப் பூத்திருக்கிறது. முத்திரையை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். ஆழ்வார்திருநகரியில் பாயசம் கொடுத்தார்களாம், அங்கேயும் ஜெபம். இனி எங்கும் நிற்காமல் மிதித்தால்தான் பிடிக்க முடியும் என்கிற அளவுக்கு நேரம் போய்விட்டது.

“அப்பா, சபையில சொன்னது நீங்கதானே?”

“ஜெபத்துக்குத்தாம்மா சொன்னேன்.”

“இன்னும் எங்கெங்க நிக்காங்க?”

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் படித்திருந்ததை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கொற்கை, ஸ்ரீவைகுண்டம், கடைசியாகச் சீவலப்பேரி.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். “இனி ஒரு இடத்துல நின்னாலும் முடியாதுப்பா. ஃபோனைப் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவள் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட அழாத பிள்ளை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எபி. இவள் விளையாட்டுக்குப் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக விடியுமுன்னே எழுந்து போனது முழுக்க இந்த ஒருநாளுக்காக. அந்த நாளைத்தான் நான் ஊர் ஊராகப் பந்தி போட்டு நிறுத்திவைத்திருக்கிறேன்.

கொற்கைக்கு ஃபோன் போட்டேன், கொழுக்கட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். ஸ்ரீவைகுண்டத்திலும் வருத்தத்தோடு கலைந்தார்கள். நம் சபையில் வெகுகாலம் ஆராதனை நடத்திவிட்டு இப்போது சீவலப்பேரியில் இருக்கிற உபதேசியார் மட்டும் எடுக்கவில்லை. ஆராதனைக் காரியம் என்றால் ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வருகிற மனுஷர். பத்துத் தடவை போட்டேன். கடைசியில் இசக்கிமுருகனிடம், “லே, சீவலப்பேரிக்கு விடு, அவ வாரதுக்குள்ள போயிரணும்” என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சபைக் கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து, குழல்விளக்குக் கட்டி, அண்டா நிறையச் சோறும் கறிக்குழம்பும் இறக்கிவைத்து, ஊரே காத்திருக்கிறது. நான் காரிலிருந்து இறங்கி வேண்டாம் என்று சொல்ல வாய் திறக்கிறேன், பின்னாலேயே சைக்கிள்கள் வந்துவிட்டன. காற்று இப்போது முதுகில் என்பதால் எல்லாரும் கூட்டமாகப் பறந்து வந்திருக்கிறார்கள். சபையார் ரோட்டில் கைகோத்து நிற்கிறார்கள், எப்படித் தாண்டிப் போவது. இறங்கினார்கள். உபதேசியார் ஒலிபெருக்கியைத் தட்டிப்பார்த்து, “எல்லாரும் கண்களை மூடிக்கொள்வோம்” என்றார்.

எபி, அவர் ஜெபம் உனக்குத் தெரியும். ஆற்றுக்கு ஜெபிப்பார், மழைக்கு ஜெபிப்பார், ஆட்சியாளர்களுக்கு ஜெபிப்பார், வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளைப் பெயர் பெயராகச் சொல்லி ஜெபிப்பார். உன் பெயர் வருவதற்கே நேரமாகும். வந்திருந்த மற்ற பிள்ளைகள், இந்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், பாவம், மரியாதைக்குக் கண்ணை இறுக மூடி நிற்கிறார்கள். நடுவில் நிறுத்தச் சொல்ல எனக்கு நா எழவில்லை. இருபது வருஷம் சபைக் கமிட்டியில் இருந்தவன், ஜெபத்தைக் குறுக்கே அறுத்துப் பழக்கமில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டேன். கெசியாவுக்கு இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தேன், அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

உபதேசியார் மழையை முடித்து ஆட்சியாளர்களுக்கு வந்தபோது, டிக், டிக், டிக் என்று மெல்லிய சத்தம். மிதிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பின்சக்கரம் போடுகிற சத்தம். ஒரு வருஷத்துக்கு மேலாக விடியற்காலையில் படுக்கையில் கிடந்து கேட்ட சத்தம், எனக்குத் தெரியாதா. சின்ன வயதிலிருந்தே இவருடைய ஜெபத்தில் வளர்ந்தவள் இவள். எந்த இடத்தில் யாரும் கண் திறக்கமாட்டார்கள் என்று இவளுக்கு மனப்பாடம். நான் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போய்ச் சத்தம் நின்றது. ஏறிவிட்டாளா, முழங்கால் மடங்கவில்லையா, தெரியவில்லை. அதற்குள் உபதேசியார் வழக்கத்துக்கு மாறாக ஜெபத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். சோறு ஆறுகிறதே என்று நினைத்திருப்பார்.

இப்போது அவர் ஆமென் சொன்னால் என்ன நடக்கும். எல்லாரும் கண்ணைத் திறப்பார்கள். ஐயோ பிள்ளை சாப்பிடாமல் போகிறாளே என்பார்கள். உபதேசியார் மகன் பைக்கில் தூக்குச்சட்டியோடு பின்னால் விரட்டிப் போய் ரோட்டில் வைத்துக் கொடுப்பான். அது தனியாக ஒருத்திக்குக் கொடுத்த உதவி. சல்மான் ஃபாரிஸ் கண்முன்னாலேயே நடக்கும், அட்டையை வாங்காமல் விடமாட்டான். உபதேசியார் ‘ஆ’ என்று வாயெடுத்த நேரத்தில் நான் உரத்த குரலில், “அன்பின் பரலோகத் தகப்பனே” என்று ஆரம்பித்துவிட்டேன்.

நான் சபையில் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை, உனக்குத் தெரியும். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆற்றை உற்பத்தியாகிற இடத்திலிருந்து எடுத்தேன். பாபநாசத்துக்காக ஸ்தோத்திரம், அணைக்கட்டுகளுக்காக ஸ்தோத்திரம், எட்டுத் தடுப்பணைகளையும் பெயர் சொல்லி ஸ்தோத்திரம், வடகாலுக்காக, தென்காலுக்காக, உடைந்த கரையைச் சீக்கிரம் கட்டித்தரும்படியாக. நடுவில் டிக் டிக் என்று மறுபடி ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் மூன்று நான்கு சேர்ந்து. மற்றவர்களுக்கும் வழி புரிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் மகளுக்காக என்று ஆரம்பித்தேன், அந்த ஒன்றை முடிக்காமலே விட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஒரு சைக்கிள் இல்லை. சபையார் இருக்கிறார்கள், அண்டா இருக்கிறது, பக்கத்தில் சல்மான் ஃபாரிஸ் தங்கள் துஆ ஜெபத்துக்கு ஏந்துவதுபோல் இரண்டு கையையும் ஏந்தியபடி நிற்கிறான். “அண்ணாச்சி முடிக்கட்டும்னுதான் நின்னேன்” என்றான். சாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சோற்றைச் சாப்பிடாமல் வர முடியுமா. சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆக, கெசியா ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்து கடைசி முத்திரையை வாங்கியபோது, நாள் முழுக்க அவள் பின்னால் அலைந்த தகப்பன் அங்கே இல்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் கைதட்டினார்களாம், இவள் கூட்டத்துக்குள் யாரையோ தேடினாளாம். சல்மான் ஃபாரிஸின் கடைப்பையன்தான் சொன்னான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஜெபத்தை நீட்டியதை வைத்து எனக்கும் இதில் சம்மதம் என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு, இது வேறு. இந்த ஆற்றங்கரையில் எங்கே விழுந்தாலும் தூக்க ஒரு சித்தி இருக்கிறாள், ஒரு உபதேசியார் இருக்கிறார், கயிறு கட்டி இழுக்க அறுவடைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அங்கே உன் ஃபியோர்டில் யார் இருக்கிறார்கள். நீ அனுப்பிய வீடியோக்களை மறுபடி போட்டுப் பார்த்தேன், மைல் கணக்கில் ஒரு மனுஷ முகம் இல்லை. அவள் அங்கே ஒரு வளைவில் விழுந்து கிடந்தால் யார் இறங்கி வருவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஆகவே பாதை இடிந்துவிட்டது என்றே எழுதிவிடு. தாமதிக்காதே.

சீவலப்பேரி சபையார் இன்னும் வருத்தத்தில் இருக்கிறார்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மதினி உனக்கும் உன் வீட்டாருக்கும் தன் அன்பைத் தெரிவிக்கச் சொல்லுகிறாள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, வேலையிலும் சுகத்திலும் குறைவில்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அருமைநாயகம்.

பி.கு.: இதை மடித்து உறையில் போடும் நேரத்தில் கெசியா காப்பி கொண்டுவந்தாள். நான் கடிதத்தைப் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன், அவள் பார்க்கவில்லை. முழங்காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள், “அப்பா, சீவலப்பேரியில நான் வளைவு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிட்டு, ஏற முடியாம நின்னுட்டேன். கால் மடங்கல. அவரு முடிக்கப் போறாரு, எல்லாரும் வந்து பிடிச்சிருவாங்கன்னு அழுகை வந்துட்டு. அப்பம் உங்க சத்தம் கேட்டுது. நீங்க அணைக்கட்டு ஒண்ணொண்ணா சொல்லச் சொல்ல, நான் பைய காலை மடக்கி ஏறிட்டேன். போயிட்டு வான்னு நேரா சொல்ல உங்களுக்கு வராதுன்னு எனக்குத் தெரியும்பா. நீங்க சொல்லிட்டீங்கன்னு எடுத்துக்கிட்டேன்.” நான் காப்பியைக் குடித்தேன். ஊரே கேட்க ஜெபத்தில் கொடுத்த உத்தரவை நான் எந்த வாயால் திரும்ப வாங்குவது. ஆகவே மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். ஜூனில் வருகிறாள். விமான நிலையத்துக்கு ஆள் அனுப்பு, அவளுக்குத் தோதான கம்பளிக் கையுறை வாங்கி வை. மற்றபடி வழியில் அவளை யாரும் நிறுத்தவேண்டாம். ஜெபத்தை நாங்கள் இங்கிருந்தே பண்ணிக்கொள்கிறோம்.